பன்னிரண்டாம் தேதியும் பெயர்ந்த இரண்டு டைல்களும்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. மேல் வீட்டிலிருந்து கேட்டது. நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. நடந்தது நான்காம் மாடியில்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். தைவானின் துறைமுக ஊரான இந்தக் கீலுங்கில் அன்று ஒன்பது டிகிரி. முந்தின நாள் வரை பத்தொன்பது. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நின்றிருந்தபோது தலைக்கு மேலே 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு பல் நறநறப்பதுபோல நீளமாக ஒன்று. பிறகு மறுபடியும் 'பட்'. இந்த ஊரில் இருபத்திரண்டு குளிர்காலங்களைக் கழித்தவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. குளிர் ஒரே இரவில் இறங்கினால் யார் வீட்டிலாவது தரை எழும்பும். போன வருடம் இரண்டாம் மாடிக்காரர் வீட்டில். அதற்கு முந்தின வருடம் எதிர்க் கட்டடத்தில், சாமி மேடைக்கு நேர் முன்னால்.

பத்து நிமிடத்தில் மேல் வீட்டுப் போ-ஹான் செருப்போடு இறங்கி வந்தான்.

"அண்ணே, உங்க சீலிங்ல ஏதாவது விரிசல் விட்டிருக்கா?"

"இல்ல. உங்க தரையா?"

"நடையில. ரெண்டு டைல்ஸ் ஒண்ண ஒண்ணு முட்டிக்கிட்டு கூரை மாதிரி நிக்குது. பல்லு தேச்சிக்கிட்டு இருந்தேன், பிரஷ்ஷ முழுங்கியிருப்பேன்."

தேநீர் கொடுத்தேன். முதல் கோப்பையில் தரையைப் பற்றிப் பேசினான். அன்று ராத்திரி, மேலே நடந்ததையெல்லாம் சொல்ல மறுபடியும் வந்தான்; அந்த இரண்டாவது கோப்பையில், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். எழுதாதே என்று சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தின் நான்கு மாடியிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதலாவது: "போ-ஹான் துறைமுகத்தில் பாரந்தூக்கி மெக்கானிக். நாற்பது டன் தூக்கும் யந்திரம் எந்த மூட்டில் முனகுகிறது என்று கீழே நின்றபடியே காதால் கண்டுபிடித்துவிடுவான். அப்படிப்பட்டவன் தன் வீட்டுத் தரையை—"

'அப்படிப்பட்டவன்' என்று எழுதிய உடனே வாக்கியத்தின் மிச்சம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "போ-ஹானின் மனைவி பெய்-யூனுக்கு ஏழாம் மாதம். படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு ஒன்பதடி நடை. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போகிறாள். அந்த நடையின் சரிபாதியில்—"

இது முதலாவதைவிட மோசம். பெயர்ந்த டைலையும் கர்ப்பிணியையும் ஒரே பத்தியில் வைத்தால் அவள் எப்போது விழுவாள் என்று நீங்கள் காத்திருக்க ஆரம்பித்துவிடுவீர்கள். எனவே இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாரும் விழமாட்டார்கள். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. விழுவதற்காகப் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, தரையைப் பார்க்க வந்த தியோங் மேஸ்திரி பையைத் திறக்காமல் கீழே வைத்ததில் தொடங்குகிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அன்று பிற்பகல் தியோங் மேஸ்திரி மேல் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றினார். நடையில் சீட்டுக்கட்டு வீடுபோல் சாய்ந்து நின்ற இரண்டு டைல்களைப் பார்த்தார். பிறகு பெய்-யூனின் வயிற்றைப் பார்த்தார். தோளிலிருந்த பையைத் திறக்காமலேயே கீழே வைத்தார்.

"போன்ல ரெண்டு டைல்ஸுன்னு சொன்னீங்கம்மா. வீட்ல ரெண்டரைப் பேருன்னு சொல்லவே இல்லியே."

"அதுக்கும் இதுக்கும் என்ன மேஸ்திரி?" என்றாள் பெய்-யூன். அவரை அழைத்தது அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களைச் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பழகியவள், எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் இன்னிக்கு சுத்தியல எடுத்து, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, உங்க மாமியாரு நாப்பது வருசம் என் பேரச் சொல்லித் திட்டுவாங்க."

"அம்பது வருசம்," என்றாள் சியூ-லுவான் அம்மாள் சமையலறையிலிருந்து. "எங்க குடும்பத்துல யாரும் சீக்கிரம் போறதில்ல."

போ-ஹானின் அம்மா. காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் மகன் வாய்தவறித் தரையைப் பற்றிச் சொல்லிவிட்டான். இரண்டு மணிக்கு யீலானிலிருந்து பஸ் பிடித்து வந்து நின்றாள், ஒரு கையில் வெங்காயத்தாள் கட்டு, மறு கையில் அந்த வருடத்துப் பஞ்சாங்கம்.

மேஸ்திரி குனிந்து, விரல் முட்டியால் பக்கத்து டைலைத் தட்டப் போனார்.

"தட்டாதீங்க!"

"எது ஒட்டியிருக்கு, எது ஆடுதுன்னு தட்டாம எப்பிடிக்கா தெரியும்?"

"நடந்து பாருங்க."

அறுபது வயது மனிதர் காலுறையோடு, குதிகாலை மெல்ல ஊன்றி ஊன்றி, நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்தார். பால் திருடப் போகும் பூனை நடை. பெய்-யூன் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏழு. நின்னுட்டு இருக்கற ரெண்டையும் சேத்து ஏழு. இடுக்குல இருந்த சிமெண்டு பூராவும் உதிர்ந்து மாவாப் போச்சு. சுவத்தோட ஒட்டி இடமே விடாம டைல்ஸ் போட்டிருக்கான், புண்ணியவான். விரிய இடமில்ல, சுருங்க இடமில்ல. வேற என்ன பண்ணும் அது?"

"உதிர்ந்த இடுக்குல வெள்ளை சிமெண்டு வெச்சு அடைச்சிரலாமா? உடைக்க வேணாம்," என்று போ-ஹான் கேட்டான்.

"அடைக்கவும் கூடாது," என்றாள் அம்மா. "அடைச்சா புள்ளைக்கு மூக்கோ காதோ அடைச்சிக்கிட்டுப் பொறக்கும். எங்க தெருவுல ஒருத்தி சன்னல் ஓட்டைய காகிதம் வெச்சு ஒட்டினா. அந்தப் பையன் இன்னிக்கும் வாயாலதான் மூச்சு விடறான்."

"உடைக்கக் கூடாது, அடைக்கக் கூடாது, தட்டக் கூடாது," என்று பெய்-யூன் விரல்விட்டு எண்ணினாள். "பெருக்கலாமாம்மா?"

"பெருக்கலாம். மெதுவா."

மேஸ்திரி ஒரு வழி சொன்னார். நிற்கிற இரண்டும் ஏற்கெனவே தரையை விட்டுவிட்டன, சுத்தியலே வேண்டாம், கையாலேயே தூக்கிவிடலாம். பள்ளத்தில் மட்டம் பார்த்து ஒரு பலகையைப் போட்டுவைத்தால் குழந்தை பிறக்கும்வரை தாங்கும்.

"தூக்கறதும் அசைக்கறதுதான். நாள் பாக்காம ஒண்ணும் அசைக்கக் கூடாது," என்ற அம்மா மகனிடம் திரும்பினாள். "நீ என்னடா சொல்றே?"

மூன்று பேரும் போ-ஹானைப் பார்த்தார்கள். பெய்-யூன் நம்பிக்கையோடு பார்த்தாள். சோயாப் பாலில் உப்பா சர்க்கரையா என்பதற்கே அம்மாவோடு அரைமணி நேரம் வாதாடுகிறவன்.

"அம்மா சொல்றபடியே இருக்கட்டும்," என்றான்.

பெய்-யூன் திரும்பி, எழும்பி நின்ற டைல்களைச் சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து படுக்கையறைக்குள் போனாள்.

4.

(இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. பாரந்தூக்கி மெக்கானிக், அளவுமானி காட்டினால்தான் நம்புகிறவன், இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவானா? வாசகர்கள் கேட்பார்கள். அவன் இரண்டாவது கோப்பையில் சொன்னதை எழுதினால்தான் பதில் கிடைக்கும். எழுதுகிறேன்.)

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் கருவைக் காக்கும் தெய்வம் ஒன்றும் குடியிருக்கிறது. அது ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் அடுப்பில், ஒரு நாள் வாசற்கதவில், ஒரு நாள் கட்டிலில். சில நாட்களில் வீட்டுக்கு வெளியே எங்கோ ஒரு திசையில் இருக்கும். அது இருக்கிற இடத்தில் ஆணி அடித்தாலோ உளி வைத்தாலோ கருவுக்கு ஆகாது. எந்த நாளில் எங்கே என்பது பஞ்சாங்கத்தில் தேதிவாரியாக அச்சடித்திருக்கும்.*

* இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். மேல் வீட்டில் ஆணியடிக்க என் துளைக்கும் யந்திரத்தை இரவல் கேட்டபோது, 'யாரும் முழுகாம இல்லியே?' என்று என்னையறியாமல் கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் என்றால் அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன், அக்டோபர் மாதம், பெய்-யூன் பத்து வாரம். குளியலறை வாசலில் டைல் இடுக்கு சிமெண்டு உதிர்ந்து, தண்ணீர் நடைக்குக் கசிந்துகொண்டிருந்தது. போ-ஹான் தானே சரிசெய்யத் தீர்மானித்தான். உளியால் பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்கவேண்டும், ஒரு மணி நேர வேலை. அம்மா தொலைபேசியில், "பன்னண்டாம் தேதின்னா பஞ்சாங்கத்தப் பாத்துட்டுச் செய்யி," என்றாள். பார்த்தான். பன்னிரண்டு. 'வெளியே, தென்மேற்கு' என்றிருந்தது. உளியை எடுத்தான்.

ஒன்பதாம் நாள் அந்தக் கரு கலைந்தது.

மருத்துவர் படம் போட்டு விளக்கினார். உருவாகும்போதே கணக்குப் பிசகிய கரு, யாரும் எதுவும் செய்து வந்ததில்லை, எதுவும் செய்து தடுத்திருக்கவும் முடியாது. போ-ஹான் அதை நம்பினான். இன்றும் நம்புகிறான். அம்மா மட்டும், "பாத்துட்டுத்தானடா செஞ்சே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "பாத்தேன்," என்றான்.

வருடக் கடைசியில் புதுப் பஞ்சாங்கம் வந்தது. பழையதைக் குப்பையில் போடுமுன் சும்மா அந்தப் பக்கத்தைப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தேதி. ஒன்று ஆபீஸ் தேதி, அதாவது ஆங்கில மாதக் கணக்கு; மற்றது நிலாக் கணக்குத் தேதி. அவன் பார்த்த பன்னிரண்டு நிலாக் கணக்கில் பன்னிரண்டு. ஆபீஸ் தேதி பன்னிரண்டுக்கு நேரே, 'அறைக்குள், வடக்கு' என்று இருந்தது. குளியலறை வாசல் வடக்கில்தான் இருக்கிறது.

"நம்பறேனான்னா நம்பல அண்ணே," என்று என்னிடம் சொன்னான். "ஆனா பாத்தேன்னு சொன்னேன் இல்ல? தப்பாப் பாத்தேன்னு சொல்லல. இப்ப அம்மா எதிர்ல நின்னு 'இதெல்லாம் சும்மா'ன்னு வாதாட வாய் வர மாட்டேங்குது. வாதாடினா, போன தடவயும் இப்பிடித்தான் நெனச்சியான்னு பெய்-யூன் என்னப் பாப்பா."

"அவகிட்ட சொல்லேன்."

"ரெண்டு வருசம் ஆச்சு. இப்பப் போயா? இந்த வயித்தோடயா?"

5.

இதுவரை நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எழுதியிருக்கிறேன். அப்படியே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் என் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆறாம் மாதத்திலிருந்து பெய்-யூன் மூன்றாம் மாடிப் படியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ஒரு ஸ்டூலை எடுத்து வெளியே போட்டேன். வேலை முடிந்து வரும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். தரை எழும்பிய வாரம், வியாழக்கிழமை, அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகலியா?"

"நடையக் கடக்கணுமேன்னு இருக்கு. அவரு ரப்பர் விரிப்பு போட்டாரு, அது வழுக்குது. டேப் ஒட்டினாரு, அது உரியுது. நேத்து ரெண்டு பக்கமும் நாற்காலி வெச்சாரு, ரோடு ரிப்பேர் மாதிரி. எது வேணா செய்வாரு, அம்மாகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டாரு. நானாவது வாதாடலாம். எனக்கும் வாய் வரல அண்ணே."

"உனக்கென்ன?"

படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். போன தடவை, கடையில், மேல் தட்டிலிருந்த ஃப்ரேம் பெட்டியை எடுக்க ஏணியில்லாமல் இரண்டு கையையும் நீட்டினாள். வயிற்றில் இருக்கும்போது கையை உயரத் தூக்கக் கூடாது என்று மாமியார் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தாள். எடுக்கும்போதே அடிவயிற்றில் ஏதோ சுண்டியது. "டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டேன். புரிஞ்சுது. ஆனா பெட்டிய நான்தான எடுத்தேன்? அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுதான் கஷ்டம்."

அவள் மேலே போனாள். நான் கதவை மூடிவிட்டு மேசைக்கு வந்து, இதையும் எழுதினேன். எந்தத் தேதி என்று அவள் சொல்லவில்லை. நான் பன்னிரண்டு என்று போட்டேன். அவன் குளியலறை வாசலில் உளியோடு குனிந்திருந்த அதே மணியில், அவள் கடையில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இதுவும் ஒப்புதல்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவன் பாதி என்னிடம் இருக்கிறது. அவள் பாதியும் என்னிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருப்பது இந்தத் தாளில் மட்டும்.

6.

முடிவுகளுக்கு வருவோம். எழுதிப் பார்த்தவை:

(அ) எழுதமாட்டேன் என்று இரண்டில் வாக்குக் கொடுத்த அந்த முடிவு. ஒரு தடவை எழுதியும் பார்த்தேன். "குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைத் தேடிய கை—" கிழித்துவிட்டேன். கிழித்த பிறகும் ஒரு மணி நேரம் மேல் வீட்டுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

(ஆ) அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அவன் சத்தமில்லாமல் இரண்டு டைல்களையும் எடுத்துப் பலகை போட்டுவிடுகிறான். மாலையில் அவள் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். தரைக்கு நல்லது. ஆனால் சொல்லாமல் செய்தது என்ற கணக்கில் இன்னொன்று சேர்கிறது. வேண்டாம்.

(இ) இதைத்தான் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

நாள் பார்க்கச் சியூ-லுவான் அம்மாள் மறுபடியும் வருகிறாள். மேஸ்திரி நடையின் ஓரத்தில் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார். அம்மா பஞ்சாங்கத்தை மகனிடம் நீட்டுகிறாள்.

"என் கண்ணுக்கு இந்த எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பதினெட்டாம் தேதிக்கு என்ன போட்டிருக்கான், நீ பாரு."

போ-ஹான் விரலை வைக்கிறான். பெய்-யூன் தோள்வழியாக எட்டிப் பார்க்கிறாள்.

"அது நிலாக் கணக்குப்பா. பக்கத்துல இருக்கு பாரு ஆபீஸ் தேதி."

"தெரியும்," என்கிறான். விரலை எடுக்கவில்லை. "போன தடவ இந்த வரியத்தான் பாத்தேன். பன்னண்டுக்கு."

மேஸ்திரி கோப்பையைக் கீழே வைக்கிறார், அதைக்கூடத் தட்டாமல்.

"அக்கா, நான் வேணா அப்புறமா வரட்டுமா?"

"உக்காருங்க," என்கிறாள் அம்மா.

பெய்-யூன் அவனைப் பார்த்து—

அவள் என்ன சொல்கிறாள்? நான்கு விதமாக எழுதினேன். ஒன்றில் அழுதாள். ஒன்றில் பஞ்சாங்கத்தைப் பிடுங்கி மூடினாள். ஒன்றில், 'அன்னிக்குத்தான் நான்' என்று தன் பெட்டிக் கதையைச் சொன்னாள். ஒன்றில் சும்மா இருந்தாள். நான்கும் பொருந்தின. நான்கும் பொருந்தினால் நான்கும் பொய் என்று அர்த்தம். அவள் பேசவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

7.

சனிக்கிழமை சாயங்காலம் போ-ஹான் திருப்புளி கேட்டு வந்தான். மேசைமேல் தாள்கள் இருந்தன.

"எழுதறீங்களா? எங்க கதையா?"

"தரையப் பத்தி."

"தரையப் பத்தி இவ்ளோ பக்கமா? படிங்க பாப்போம். எங்க பாஷையில சொல்லுங்க."

படித்தேன். ஒவ்வொரு வரியாக அவன் மொழியில் மாற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாம் எண்ணில் சிரித்தான். "மேஸ்திரி நடந்தது அப்பிடியே இருக்கு. எங்கம்மாவ மட்டும் கொஞ்சம் கொறைச்சி எழுதியிருக்கீங்க. பயமா?" என்றான். நான்காம் எண்ணில் திருப்புளியை உருட்டிக்கொண்டிருந்தான்.

ஐந்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

அவள் அதை என்னை நம்பிச் சொன்னாள். பக்கத்தைத் தள்ளி ஆறாம் எண்ணுக்குப் போயிருக்கலாம், அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வார்த்தையில் சொன்னால், அது துரோகம். அதைத் தெரிந்துகொண்டே படித்தேன். ஏன் என்று நியாயம் கற்பிக்கப் போவதில்லை. இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு மேலே ஒவ்வொரு காலடியையும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பெட்டி வந்ததும் அவன் தலையை நிமிர்த்தினான்.

"இத நீங்களாச் சேத்ததா?"

"இல்ல."

"அவ அப்பிடியா நெனச்சிக்கிட்டு இருக்கா? ரெண்டு வருசமா?"

"ம்."

"நான் பக்கத்துலதான படுத்திருக்கேன்," என்றான். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆறாம் எண்ணையும் படித்தேன். 'பெய்-யூன் அவனைப் பார்த்து' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"அப்புறம்? என்ன சொல்றா?"

"எனக்குத் தெரியல."

"எழுதறவரு நீங்கதான அண்ணே?"

"அந்தத் தரைமேல வாழறது நான் இல்லியே."

வெகுநேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தான். ஒரு எழுத்தும் அவனுக்குத் தெரியாது, காலி இடம் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பிறகு தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினான். அடுக்கியவன் கையை விடவில்லை.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"தமிழ்ல இருக்குடா."

"அவ போன்ல கேமராவ மேல புடிச்சா மொழி மாத்திக் குடுத்துரும். கடைக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்ககிட்ட அப்பிடித்தான் பேசறா." வாசல்வரை போய்த் திரும்பினான். "வாயால சொன்னா பாதியில நிறுத்திருவேன். தாளு நிறுத்தாது பாருங்க."

திருப்புளியை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

நான்கு மாடியிலும் தமிழ் படிக்க ஆளில்லை என்று எண் ஒன்றில் எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

8.

மேலே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாதென்று அன்று தெருமுனைக்குப் போய் மீன் உருண்டை சூப் குடித்துவிட்டு, மழையில் துறைமுகம்வரை நடந்துவிட்டு வந்தேன். அந்த அறைக்குள் நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. கதையின் நடுப்புள்ளி அதுதான் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. சியூ-லுவான் அம்மாள் புதுத் துடைப்பம் ஒன்றோடு வந்தாள். பலகையை மேலே ஏற்ற என்னையும் கூப்பிட்டார்கள், எனவே இது நானே பார்த்தது. பஞ்சாங்கத்தை இந்தத் தடவை படித்தது பெய்-யூன். ஆபீஸ் தேதியின்மேல் விரலை வைத்து, நிறுத்தி, கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சொல்வதுபோலத் தெளிவாகப் படித்தாள். 'வெளியே, நேர் கிழக்கு.' போ-ஹான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் வீங்கியிருந்தது. அவளுடையது இல்லை.

அம்மா நடையை மெல்லப் பெருக்கி, "கொஞ்சம் தள்ளி இருங்க, காலு எடறும் பாருங்க," என்று கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். மேஸ்திரி குனிந்து இரண்டு டைல்களையும் கையாலேயே எடுத்தார். துளிச் சத்தமில்லை. பலகை மட்டமாக உட்கார்ந்தது. பெய்-யூன் அதன்மேல் நேராக நடந்து குளியலறைக்குப் போய், நேராக நடந்து திரும்பினாள்.

"ஆடுதா?" என்றார் மேஸ்திரி.

"ஆடல. மத்த அஞ்சு?"

"ஏப்ரல்ல புள்ள வரட்டும். மே மாசம் வந்து எல்லாத்தையும் பேத்து எடுத்துப் புதுசாப் போட்டு, இடுக்கு அடைச்சித் தரேன். அப்ப எவ்ளோ வேணா தட்டுவேன், உங்க மாமியா காதப் பொத்திக்கட்டும்."

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும், யார் சொன்னார்கள், எனக்குத் தெரியாது. கிளம்பும்போது மகனின் பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அன்று அந்த வீட்டில் விழுந்த ஒரே அடி அது.

என்னிடம் பெய்-யூன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் கதவுக்கடியில் என் தாள்கள் கிடந்தன. ஐந்தாம் எண்ணின் ஓரத்தில் பென்சிலால், அவள் மொழியில், பொடி எழுத்தில் குறித்திருந்தாள். அதைத் தமிழில் அப்படியே தருகிறேன்:

"அண்ணே, ஸ்டூல்ல உக்காந்து சொன்னத எழுதினதுக்கும், அத அவருக்குப் படிச்சதுக்கும் உங்க மேல கோவமா இருக்கேன். இப்ப கத்தக் கூடாதாம், புள்ளைக்கு ஆகாதாம். பொறந்தப்புறம் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னு சண்ட போடறேன். மத்தபடி, வேணும்னா வெளியிட்டுக்கோங்க. ஆனா ஒரு தப்பு இருக்கு. நான் பெட்டி எடுத்தது பன்னண்டாம் தேதி இல்ல, பத்தாம் தேதி. அவருக்கு ரெண்டு நாள் முன்னாடி. திருத்திருங்க."

இதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, காலண்டரைப் பார்த்து எண்ணி, இரண்டு நாள் முன்னால் போய் நின்றுகொண்டாள், பழியில் தன் பங்கை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதுபோல. அல்லது அவன் தோளிலிருந்து அதை இறக்கத்தான் அப்படிச் சொன்னாளோ? இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை.

தேதியைத் திருத்துவதற்கு அழிப்பானை எடுத்தேன். உண்மை அவள் பக்கம். பத்து என்று போட்டால் கதையில் ஒரு பிழை குறையும், அவள் முதல் ஆளாகிவிடுவாள். பன்னிரண்டு என்று விட்டால் இருவரும் ஒரே நாளில் இருக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் முன்னால் இல்லாமல்.

எழுதுகிறவன் பொய் சொல்லலாமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. எனக்கு அதைவிடச் சின்னக் காரணம் ஒன்று இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று சண்டை போடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். வரும்போது கையில் வலுவான காரணம் இருக்கட்டும். அழிப்பானைத் திரும்ப வைத்துவிட்டேன்.